போக்கரின் அடிப்படைக் கணக்கையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்கர் சீட்டாட்டத்தில் வெல்வதற்கான அடிப்படை உத்திகள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எதிராளியின் கண்ணையும் விரல்களையும் கவனிக்க வேண்டும், சீட்டு மோசமாக இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் துணிந்து பணத்தை ஏற்ற வேண்டும், தோற்றாலும் மனம் தளராமல் தொடர வேண்டும் என்பவையே அதன் சாரம். கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன் நான். நிகழ்தகவுப் பாடத்துக்குச் சீட்டுக்கட்டை வகுப்பறைக்கே கொண்டுசெல்பவன். அந்த முறையில் இதற்கு மறுப்பு எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த மூன்று அறிவுரைகளையும் அப்படியே பின்பற்றும் இளைஞர் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், மற்றவர்கள் வென்று செல்வது அவருடைய பணமாகத்தான் இருக்கும். போக்கரில் உத்தி உண்டு, அதைக் கற்கவும் முடியும். ஆனால் அது பெரும்பாலும் எப்போது விலகுவது என்பதையும், ஒவ்வொரு முறையும் நாம் கொடுக்கும் விலை தகுமா என்பதையும், மேஜை நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்பதையும் பற்றியது. கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

ரம்மியும் மூன்று சீட்டும் அறிந்த வாசகர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று பெரிதும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துப் போடப்படும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டுகளும், அடுத்து ஒன்றும், கடைசியாக ஒன்றும் மேஜை நடுவில் திறக்கப்படும். கையிலுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்து, அந்த ஏழில் சிறந்த ஐந்து யாருடையதோ அவர் வெல்வார். பந்தயச் சுற்றுகள் நான்கு. எந்தச் சுற்றிலும், ரம்மியில் ஸ்கூட் சொல்வதைப் போல, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். அதுவரை போட்ட பணம் மட்டுமே போகும். ஆட்டம் தொடங்குமுன் இருவர் மட்டும், ஒருவர் சிறியதும் மற்றவர் பெரியதுமாக, பிளைண்ட் என்னும் கட்டாயத் தொகையை வைத்தாக வேண்டும். மற்றவர்கள் சீட்டைப் பார்த்துவிட்டுப் பைசா செலவில்லாமல் விலகிக்கொள்ளலாம். மங்காத்தாவில் இல்லாத திறமை போக்கரில் நுழைவதே, இப்படி விலகிக்கொள்ள விதி இடம் கொடுப்பதால்தான்.

அந்த உரிமையை எவ்வளவு முறை பயன்படுத்த வேண்டும் என்பதைச் சீட்டுக்கட்டே சொல்லிவிடுகிறது. 52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். அவற்றில் இரண்டும் ஏஸாக அமைவது 6 விதம்தான். அதாவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. நேரில் ஆடும் மேஜையில் மணிக்கு 30 ஆட்டம் நடந்தால், ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தால்தான் சராசரியாக ஒருமுறை அது கிடைக்கும். ஏதேனும் ஒரு ஜோடி கிடைப்பது 17 ஆட்டத்துக்கு ஒருமுறை. ஜோடியில்லாத இரண்டு சீட்டோடு முதல் மூன்று பொதுச் சீட்டுகளைப் பார்ப்பவருக்கு, அவற்றோடு சேர்ந்து ஒரு ஜோடியாவது அமைவது ஏறத்தாழ மூன்றில் ஒருமுறைதான். மற்ற இரண்டு முறை அவர் கையில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டும் இஸ்பேட், இரண்டும் ஆர்ட்டின் என்று ஒரே இனமாக வந்துவிட்டால் விடக்கூடாது என்று எண்ணுவது தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் காணும் பிழை. முதல் மூன்று பொதுச் சீட்டுகளும் அதே இனமாக வந்து ஐந்தும் ஒன்றுசேர்வது 119 முறைக்கு ஒருமுறை நடப்பது. அதைப் போலவே, ஒரு ஏஸும் ஒரு சிறு சீட்டும் வைத்துக்கொண்டு பெரும்பணம் கட்டுபவர், எதிரே ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவரிடம் மூன்றில் ஒருமுறைகூட வெல்ல மாட்டார். ஆகவேதான் ஒன்பது பேர் உட்காரும் மேஜையில் புதியவர் ஐந்து ஆட்டத்தில் நான்கைத் தொடக்கத்திலேயே கவிழ்த்துவிட வேண்டும் என்று இந்த ஆட்டத்தைப் பொறுப்போடு கற்பிப்பவர்கள் சொல்கிறார்கள். இது சலிப்பூட்டும் அறிவுரை. கட்டுரையில் இடம்பெறாததற்கு அந்தச் சலிப்புத்தான் காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உட்காரும் இடமும் இதே அளவுக்கு முக்கியம். பந்தயம் வரிசையாகச் செல்வதால், முதல் பொதுச் சீட்டுகள் திறந்தபின் கடைசியாக முடிவெடுப்பவர் மற்ற எல்லோரும் என்ன செய்தார்கள் என்பதை அறிந்தபிறகே தன் பணத்தைத் தொடுகிறார். முதலில் முடிவெடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே கடைசி இடத்திலிருந்து ஆடத்தக்க ஒரு சுமாரான கையை, முதல் இடத்திலிருந்தால் கவிழ்த்துவிடுவதே முறை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடம் மாறிக்கொண்டே வருவதால் இந்த வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகவே கிடைக்கிறது, பயன்படுத்திக்கொள்வதில்தான் வேறுபாடு.

அடுத்ததாக, நான் வகுப்பில் மிக அதிக நேரம் செலவிடும் பகுதிக்கு வருகிறேன். பணம் வைத்து ஆட மாணவர்களை நான் அனுமதிப்பதில்லை. புளியங்கொட்டைதான் எங்கள் நாணயம். ஒரு மாணவியிடம் இஸ்பேட் ஏஸும் இஸ்பேட் ஒன்பதும் இருக்கின்றன. நடுவில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் நான்கு, டைமன் ஜாக்கி, கிளாவர் ஏழு என நான்கு சீட்டுகள் திறந்தாகிவிட்டன. இன்னும் ஒரே ஒரு சீட்டு வர வேண்டும். அது இஸ்பேடாக இருந்தால் அவரிடம் ஐந்து இஸ்பேட் சேர்ந்துவிடும், ஏறக்குறைய உறுதியாக வெல்வார். இல்லையென்றால் தோற்பார் என்று கொள்வோம். நடுவில் 40 கொட்டைகள் இருக்கின்றன. எதிரிலுள்ள மாணவர் 20 கொட்டைகளை முன்னே தள்ளுகிறார். இவரும் 20 போட்டுக் கடைசிச் சீட்டைப் பார்ப்பதா, விலகுவதா?

அவர் கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் இஸ்பேட் 9. இதே நிலைமை 46 முறை வந்து, ஒவ்வொரு சீட்டும் ஒருமுறை வந்ததாக வைத்துக்கொண்டால், 9 முறை அவர் 60 கொட்டைகளை வெல்வார், வரவு 540. மற்ற 37 முறை தான் போட்ட 20 கொட்டைகளை இழப்பார், செலவு 740. நிகர நட்டம் 200 கொட்டைகள். ஆகவே விலக வேண்டும். எதிராளி 20-க்குப் பதிலாக 10 மட்டும் போட்டிருந்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. 9 முறை 50 வீதம் வரவு 450, 37 முறை 10 வீதம் செலவு 370, லாபம் 80. அதே சீட்டுகள், அதே எதிராளி, அதே எதிர்பார்ப்பு; கேட்கப்படும் விலை மாறியதால் விடையும் மாறியது. கடைசிச் சீட்டு இஸ்பேடாக வந்தபின் எதிராளி இன்னும் பணம் கட்டுவார் என்று நம்ப இடமிருந்தால், அதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் எவ்வளவு? முதல் நிலைமையில் நட்டமான 200 கொட்டைகளை வெல்லும் 9 முறைக்குப் பகிர்ந்தால், ஒவ்வொரு வெற்றியிலும் 22-க்கு மேல் கூடுதலாக வந்தால்தான் 20 போட்டது தகும். மூன்று இஸ்பேட் மேஜையில் கண்முன்னே தெரியும்போது எதிராளி அவ்வளவு கட்டுவாரா என்பது ஆளைப் பொறுத்த கேள்வி. மூன்றைப் பார்த்தே எச்சரிக்கையாகிவிடுபவர்கள் பலர்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்கு உயர்கணிதம் தேவையில்லை. பத்தாம் வகுப்பு மாணவரும் ஒரு மாதப் பயிற்சியில் மேஜையில் உட்கார்ந்தபடியே மனக்கணக்காகப் போடலாம். கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் வாசகர் உண்மையிலேயே ஒன்றைக் கற்றிருப்பார். அவர் எழுதியதோ, உள்ளுணர்வு சொன்னால் துணிந்து பார்த்துவிடு என்பது. 46-ல் 9 என்பதை எந்த உள்ளுணர்வாலும் 46-ல் 12 ஆக்கிவிட முடியாது.

பிளஃப் பற்றியும், அதாவது ஒன்றுமில்லாத சீட்டோடு பணத்தை ஏற்றி எதிராளியை விலகவைப்பது பற்றியும், ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அதை வீரமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதற்கும் ஒரு விலை உண்டு. நடுவில் 40 இருக்கும்போது 20 போட்டு ஏமாற்ற முயல்பவர், மூன்றில் ஒருமுறைக்கு மேல் எதிராளி விலகினால்தான் லாபம் காண்பார். 40 போட்டால் பாதிக்கு மேல் விலக வேண்டும். சிறு தொகைக்கு ஆடப்படும் மேஜைகளில் பெரும்பாலோர் ஆர்வக் கோளாறால் கடைசிவரை பார்த்துவிடுபவர்கள். விலகவே மாட்டார் என்று தெரிந்தவரிடம் பிளஃப் செய்வது பணத்தை வீசுவதற்குச் சமம். அவரிடம் நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்தபின் அஞ்சாமல் முழு விலையையும் கேட்பதே உத்தி. கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1940-களில் எளிமையாக்கப்பட்ட ஒரு போக்கர் மாதிரியைக் கணித முறையில் ஆராய்ந்தபோது, சிறந்த ஆட்டத்தில் பிளஃப் ஓர் இன்றியமையாத கூறு என்பதையும், அது மிக மோசமான கைகளைக் கொண்டு ஓர் அளவோடு செய்யப்பட வேண்டும் என்பதையும் காட்டினார். அளவு என்ற அந்தச் சொல்லைத்தான் கட்டுரை விட்டுவிட்டது.

முகத்தைப் படிப்பதே போக்கர் என்ற கருத்துக்கு 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விடை கிடைத்துவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், இருவர் ஆடும் ஹோல்டெம் வகையில் கைதேர்ந்த நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடியது. முடிவில் அது 17 லட்சத்து 66 ஆயிரம் டாலர் மதிப்புள்ள சிப்புகள் முன்னிலையில் இருந்தது. அதற்குக் கண் கிடையாது. எதிரே அமர்ந்தவரின் முகமோ கைநடுக்கமோ அதற்குத் தெரியாது. எந்த நிலையில் எவ்வளவு கட்டுவது, எத்தனை பங்கு விலகுவது, எத்தனை பங்கு ஏமாற்றுவது என்ற விகிதங்களை மட்டுமே கொண்டு அது வென்றது. மனிதர்களுக்கிடையே முகக்குறிகள் சிறிது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. அடிப்படை அதுவல்ல என்கிறேன்.

இனி, தோற்றாலும் தொடர வேண்டும் என்ற மூன்றாவது அறிவுரை. என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது இதுதான். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர்கூட, எதிரே எந்தச் சீட்டானாலும் வைத்துக் கடைசிவரை நிற்கும் ஒருவரிடம் ஏழில் ஒருமுறை அளவுக்குத் தோற்பார். திறமையின் பயன் ஒரு மாலையிலோ ஒரு மாதத்திலோ தெரிவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து பெரிய பிளைண்ட் லாபம் ஈட்டுபவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர். நூறு ஆட்டத்தில் அவருடைய வரவுசெலவின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து முன்பின்னாக விலகும் அளவு, 90 பெரிய பிளைண்ட் என்று கொள்வோம். இது நடைமுறையை ஒட்டிய அளவே. 10,000 ஆட்டம் ஆடி முடித்தபின் அவருடைய எதிர்பார்ப்பு லாபம் 500, திட்ட விலக்கம் 900 (ஆட்டம் நூறு மடங்கானால் லாபமும் நூறு மடங்காகும், விலக்கம் பத்து மடங்குதான் ஆகும்). இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பார்த்தால், அவ்வளவு ஆடியபிறகும் அவர் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 29 என்று வருகிறது. மணிக்கு 30 ஆட்டம் என்றால் 10,000 ஆட்டம் என்பது 330 மணி நேரத்துக்கும் மேல். நல்ல ஆட்டக்காரருக்கே இந்த நிலை. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: மோசமான ஆட்டக்காரரும் பல மாதங்கள் லாபத்தில் இருக்கக்கூடும், அதைத் தன் திறமை என்று நம்பிப் பெரிய மேஜைக்கு மாறக்கூடும். ஆகவே வீட்டுச் செலவுக்கான பணத்திலிருந்து முற்றிலும் பிரித்து வைத்த, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு தொகை இல்லாதவருக்குப் போக்கர் உத்தி எதுவும் பயன்படாது. தோற்ற சூட்டில் இழந்ததை மீட்க ஆடுபவர் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போடுவதில்லை. அந்த நேரத்தில் எழுந்து போவதும் உத்தியின் ஒரு பகுதிதான். இளைஞர்களிடம் அதற்கு நேர்மாறாகச் சொல்வது பெருந்தவறு.

ரேக் எனப்படும் மேஜைக் கமிஷனுக்கு வருகிறேன். சூதாட்ட விடுதியோ செயலியோ, ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள்; மேஜையில் மொத்தம் 6,000 ரூபாய். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 200 ரூபாய் சேர்கிறது, அதில் நூற்றுக்கு ஐந்து ரேக் என்று கொள்வோம். ஆட்டத்துக்கு 10 ரூபாய், மணிக்கு 30 ஆட்டத்தில் 300 ரூபாய். இதே வேகத்தில் 20 மணி நேரம் போனால், யாரும் புதிதாகப் பணம் கொண்டுவராவிட்டால் அந்த 6,000 ரூபாயும் மேஜை நடத்துபவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். திரையில் ஆடும்போது ஆட்டம் இரு மடங்கு வேகமாக நடப்பதால் 10 மணி நேரமே போதும். ஆறு பேரும் சமத் திறமை உள்ளவர்கள் என்றால் ஆறு பேரும் தோற்பார்கள். ஒருவர் மற்ற ஐவரைவிடத் திறமைசாலி என்பது மட்டும் போதாது. அந்த ஐவரும் செய்யும் பிழைகளின் விலை, அவருடைய பங்குக்குரிய ரேக்கையும் தாண்டி இருக்க வேண்டும். எனவே போக்கரில் மிகப் பெரிய உத்தி எந்த மேஜையில் உட்காருவது என்பதே. அதற்கும் மேலாக, வெற்றித் தொகைக்கு நம் நாட்டில் 30 சதவீத வருமான வரி உண்டு. வேறு வருமானத்திலிருந்து தோல்வியைக் கழித்துக்கொள்ள வழியில்லை.

கட்டுரை கிறிஸ் மணிமேக்கரின் கதையைச் சொல்லி முடிகிறது. கணக்காளராக இருந்த அவர், சிறு கட்டணத்தில் இணையத் தகுதிச்சுற்றில் வென்று, 2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின், 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட முதன்மைப் போட்டியில் நுழைந்து, 25 லட்சம் டாலர் பரிசு பெற்றது உண்மை. அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர் என்பதும் உண்மை. மீதி 838 பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதே போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஸ்டூ உங்கர், திறமையில் எவருக்கும் குறைந்தவரல்லர். பிற சூதாட்டங்களும் போதைப் பழக்கமும் அவருடைய பணத்தைக் கரைத்தன. மூன்றாவது வெற்றிக்கு அடுத்த ஆண்டே லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்தார். ஒருவரைப் பற்றி எழுதும்போது மற்றவரைப் பற்றியும் எழுதுவதுதான் நியாயம்.

சட்டத்தைப் பற்றியும் கட்டுரை அரைகுறையாகவே சொல்கிறது. போக்கர் திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்ற வரி வாசகரைத் திசைதிருப்பும். ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் கூறியது. தமிழ்நாட்டு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்கவில்லை. ஆனால் நேரம், வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017-ல் போக்கரைச் சூதாட்டமாகவே கண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் தடை செய்கிறது. செயலியில் பயிற்சி எடுக்கலாம் என்று கட்டுரையில் வரும் ஆலோசனை, பணம் வைத்து ஆடுவதைக் குறிக்குமானால் சட்டத்துக்கு எதிரானது. மேலும், ஓர் ஆட்டத்தில் திறமை மேலோங்கி நிற்கிறது என்று நீதிமன்றம் சொல்வது ஆட்டத்தின் இயல்பைப் பற்றிய தீர்ப்பு. அதைப் படிக்கும் ஒருவருக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. திறமை ஆட்டம் என்பதாலேயே திறமை குறைந்தவர் நாளடைவில் நிச்சயமாகத் தோற்பார் என்பதையும் அதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

போக்கரை வெறுத்து நான் இதை எழுதவில்லை. முழுத் தகவல் கிடைக்காத நிலையில் எப்படி முடிவெடுப்பது என்பதைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த ஆட்டத்தை நான் அறியேன். புளியங்கொட்டையோடு அது என் மாணவர்களுக்கு நிகழ்தகவை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் கற்பித்திருக்கிறது. அதனால்தான் அரைகுறையாகச் சொல்லப்படுவதைக் கண்டு வருந்துகிறேன். தங்கள் நாளிதழ் இந்த வரிசையில் மேலும் கட்டுரைகள் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறது. அடுத்த கட்டுரையில், ஐந்தில் நான்கு ஆட்டத்தைக் கவிழ்ப்பது முதல் ரேக் வரையுள்ள கணக்குகளை ஓர் எடுத்துக்காட்டோடு வெளியிட வேண்டும் என்றும், தோற்றாலும் தொடர வேண்டும் என்ற வரியையும் செயலி பற்றிய ஆலோசனையையும் திருத்தி அதே பக்கத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கணக்குகளைச் சரிபார்த்துத் தர நான் அணியமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்